புதன்கிழமை சாயங்காலம் எங்கே போவது? குடியை விட்டவருக்குச் சபையா, ஏ.ஏ.வா, ஜெப வீடா

குடியை நிறுத்துகிற வார்டிலிருந்து அண்ணன் டிஸ்சார்ஜ் ஆன அன்று கவுன்சலர் ஒரு வெள்ளைத்தாளில் ஏழு கட்டம் போட்டார். திங்கள் முதல் ஞாயிறு வரை எழுதி, ஒவ்வொரு கட்டத்திலும் "6 – 9" என்று மட்டும் குறித்து மதினி கையில் கொடுத்தார். "பகலில் வேலை இருக்கும், ராத்திரி தூங்கிவிடுவார். இந்த மூன்று மணி நேரத்துக்கு மட்டும் ஆள் தேடுங்கள்" என்றார். இருபத்தெட்டு நாள் வார்டு பில்லைவிட அந்தத் தாள்தான் எங்களை அதிகம் அலைய வைத்தது. டாஸ்மாக் மதியம் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. அண்ணனுக்குப் பகலெல்லாம் பிரச்சினை இல்லை. விளக்கு வைக்கிற நேரம் ஆனால்தான் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பும்.

நாங்கள் பாளையங்கோட்டைப் பக்கம் சி.எஸ்.ஐ. குடும்பம், தாத்தா காலத்திலிருந்து ஒரே கோவில். ஆகவே மதினிக்குக் கேள்வியே இல்லை. "கோவிலுக்குப் போகட்டும், வேற எங்க போக?" என்றார். சித்தப்பா ஒரு ஜெப வீட்டைச் சொன்னார், ஆறு மாதம் அங்கேயே தங்க வேண்டுமாம். வார்டில் பக்கத்துப் படுக்கைக்காரர் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) என்ற, குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசுகிற கூட்டத்தைச் சொன்னார். பெங்களூரில் இருக்கும் என் தோழி, ஏ.ஏ.வில் குடியை விடப் பின்பற்றுகிற பன்னிரண்டு படிகளைக் கிறிஸ்தவர்களுக்கென்றே வைத்து நடத்தும் குழுக்கள் இருக்கின்றன, ஆன்லைனில் சேரலாம் என்றாள்.

இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது யாராவது என்னிடம் இதே விஷயத்தைக் கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: குடித்துவிட்ட மறுநாள் எந்த வாசலை மிதிக்க அவருக்குக் கால் வரும்?

ஜெப வீட்டை முதலில் சொல்லிவிடுகிறேன், அது எங்களுக்கு ஒரே பகலில் முடிந்துபோனது. பார்க்கப் போனோம். மோசமான ஆட்கள் என்று சொல்ல மாட்டேன். சாப்பாடு போட்டார்கள், அண்ணனின் தோளில் கை போட்டுப் பேசினார்கள். குடியை விட்டு ஒன்பது வருஷம் ஆன ஒருவர்தான் அங்கே சமையல். அவரைப் பார்த்ததும் எனக்கே நம்பிக்கை வந்தது. ஆனால் சேர்க்கும்போது பையில் இருந்த மாத்திரைக் கவரை எடுத்து மேசையில் வைத்து, "இனிமே இது எதுக்கு? விசுவாசம்தான் மருந்து" என்றார் பொறுப்பாளர். மதினி ஒரு வார்த்தை பேசவில்லை. கவரை எடுத்துத் திரும்பப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தார். பஸ் ஸ்டாண்டுக்கு வந்த பிறகுதான் அழுதார்.

இதில் சமரசம் பேச எனக்கு மனசு வராது. தினமும் குடித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள் வரை உடம்பு நடுங்கி, வியர்த்து, இல்லாத பூச்சியைத் தட்டிவிட்டு, சொந்தப் பிள்ளையையே அடையாளம் தெரியாமல் பேசுகிற நிலை வரலாம். டாக்டர்கள் டெலிரியம் என்கிறார்கள், கவனிக்காவிட்டால் உயிரே போகும். தயமின் ஊசியும் நடுக்கத்தை அடக்குகிற மருந்தும் வேண்டிய அந்த வாரத்தில் ஒருவரை உபவாச ஜெபத்தில் உட்கார வைப்பது விசுவாசம் ஆகாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் குடி, போதையால் வருகிற மனநலப் பாதிப்பையும் சேர்த்தே பேசுகிறது, யாரையும் சங்கிலியால் கட்டி வைப்பதைத் தடை செய்கிறது. தங்கும் இடம் எதுவானாலும் டாக்டர் வருகிறாரா, மாத்திரை தொடருமா, வீட்டார் நினைத்த நாளில் போய்ப் பார்க்கலாமா, நினைத்த நாளில் கூட்டிவரலாமா என்று கேளுங்கள். இவற்றுக்குச் சரியான பதில் தருகிற கிறிஸ்தவ இல்லங்களும் உண்டு. வீட்டுச் சூழலே குடியாக இருப்பவருக்கு, தெருவில் நாலு கடைக்கு நடுவே இருப்பவருக்கு, அப்படி ஓர் இடத்தில் சில மாதம் இருப்பது நல்லதுதான். அண்ணனுக்கு வேலையும் இரண்டு பிள்ளைகளும் இங்கே இருந்தன.

சரி, ஏ.ஏ. சித்தப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. "இயேசு பேரைச் சொல்லாத இடத்துல என்ன விடுதலை?" என்றார். அவருக்காகத்தான் நான் அதன் கதையைத் தேடிப் படித்தேன், படித்தபின் எனக்கே சிரிப்பு வந்தது. 1935இல் அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் பில் வில்சன் என்ற பங்குச்சந்தைக்காரரும் பாப் ஸ்மித் என்ற டாக்டரும் சந்தித்ததில் ஆரம்பித்தது அது. இரண்டு பேரும் ஆக்ஸ்போர்டு குரூப் என்ற கிறிஸ்தவ எழுப்புதல் இயக்கத்தின் வீட்டுக்கூட்டங்களில் உட்கார்ந்தவர்கள். ஃபிராங்க் புக்மன் என்ற லூத்தரன் போதகர் தொடங்கிய இயக்கம் அது. பாவத்தை இன்னொருவரிடம் வாய்விட்டுச் சொல்வது, தீங்கு செய்தவரிடம் நேரில் போய்ச் சரிசெய்வது, காலையில் அமைதியாகக் காத்திருப்பது எல்லாம் அங்கிருந்து வந்தவை. ஆக்ரனின் முதல் ஆட்கள் மலைப்பிரசங்கத்தையும் யாக்கோபு நிருபத்தையும் விடாமல் வாசித்தார்கள். குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்கிற யாக்கோபு 5:16ஐ நம் சபைகளில் மனப்பாடம் செய்திருக்கிறோம். அதை வாராவாரம் ஓர் அறையில் செய்துகொண்டிருப்பவர்கள் இவர்கள்.

பிறகு ஏன் இயேசு பெயர் இல்லை? ஆக்ஸ்போர்டு குரூப்பின் கெடுபிடி குடிகாரர்களுக்கு ஒத்துவரவில்லை, கத்தோலிக்கர்களுக்கும் அங்கே இருப்பது சங்கடம். 1930களின் கடைசியில் பிரிந்து வந்து, "நாம் புரிந்துகொண்டபடியான கடவுள்" என்று கதவை அகலமாகத் திறந்துவிட்டார்கள். 1939இல் அதே ஆக்ரனில் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் சிஸ்டர் இக்னேஷியா என்ற கன்னியாஸ்திரி, டாக்டர் பாபோடு சேர்ந்து குடிநோயாளிகளுக்குப் படுக்கை கொடுக்க ஆரம்பித்தார். வீட்டுக்குப் போகிறவர்களுக்கு அவர் இருதய ஆண்டவர் படம் போட்ட ஒரு சின்ன அடையாளத்தைக் கொடுப்பாராம். ஒரே நிபந்தனை: மறுபடி குடிக்கத் தோன்றினால், குடிப்பதற்கு முன்னால் அதைக் கொண்டுவந்து அவர் கையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். இதைச் சொன்னதும் சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்தம்மா கெட்டிக்காரி" என்றார்.

இந்தியாவுக்கு ஏ.ஏ. வந்தது 1957இல். எங்களுக்குக் கிடைத்த கூட்டம் எட்டு கிலோமீட்டர் தள்ளி, ஒரு கத்தோலிக்கப் பள்ளியின் ஐந்தாம் வகுப்பு அறையில். யாரும் வரலாம் என்கிற திறந்த கூட்டத்துக்கு ஒருமுறை நானும் போனேன். கரும்பலகையில் பின்னக் கணக்கு அழிக்காமல் கிடந்தது. பெரிய பெரிய ஆட்கள் முழங்கால் இடிக்கச் சின்ன பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். டயர் கடை பாய், ரிட்டயர்டு வாத்தியார், நெற்றி நிறைய விபூதியோடு ஒரு அண்ணாச்சி. ஒவ்வொருவரும் பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்கிறார்கள். பதினேழு வருஷமாகக் குடிக்காதவரும் அதே நிகழ்காலத்தில்தான் சொல்கிறார். கட்டணம் கிடையாது. கடைசியில் ஒரு பை சுற்றி வரும், பத்து ரூபாய் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி.

எண்ணிக்கையில் நம்பிக்கை உள்ளவர்களுக்கு: மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடுகிற காக்ரேன் அமைப்பு 2020இல் 27 ஆய்வுகளை, 10,565 பேரை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. ஏ.ஏ.வுக்குப் போகவைத்து அதில் நிலைக்கச் செய்கிற முறையான சிகிச்சையில் ஒரு வருஷம் கழித்து முழுதாகக் குடிக்காமல் இருந்தவர்கள் 100க்கு 42 பேர், மற்றச் சிகிச்சைகளில் 35 பேர். பெரும்பாலும் அமெரிக்காவில் நடந்த ஆய்வுகள் இவை. வித்தியாசம் உண்மையானதுதான், ஆனால் என் கண் போனது மிச்சம் 58 பேர் மேல். நல்ல வழியிலேயே பாதிக்கு மேல் ஒரு தடவையாவது சறுக்குகிறார்கள் என்றால், சறுக்கினவரை அந்த இடம் எப்படி வாங்கிக்கொள்கிறது என்பதை முதலிலேயே பார்த்துவிட வேண்டாமா?

இங்கேதான் எங்கள் சபையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாலாம் மாதம், கன்வென்ஷன் கூட்டத்தில் அண்ணன் கையில் மைக்கைக் கொடுத்துச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். நல்ல மனசோடுதான். அண்ணன் எலக்ட்ரீசியன், மைக் செட் கட்டிப் பழக்கமே தவிர மைக்கில் பேசிப் பழக்கமில்லை. "கர்த்தர் என்னைக் குடியிலிருந்து விடுதலையாக்கிவிட்டார்" என்றான். முந்நூறு பேர் அல்லேலூயா சொன்னார்கள். அம்மா முன்வரிசையில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும் அழுதேன், மறைப்பானேன்.

ஆறாம் மாதம் ஒரு கல்யாண வீட்டு வயரிங் வேலையில் சறுக்கினான். இரண்டு நாள். மூன்றாம் நாள் குளித்துவிட்டு, சட்டை மாற்றி, எட்டு கிலோமீட்டர் பஸ் ஏறி ஏ.ஏ.வுக்குப் போனான். கூட்டம் நடத்துகிறவர் வழக்கம்போல, "இன்னைக்கு முதல் நாள் யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டிருக்கிறார். இவன் கை தூக்கினான். பாய் எழுந்து வந்து டீ டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அவ்வளவுதான், அடுத்தவர் பேச ஆரம்பித்துவிட்டார். எங்கள் கோவிலுக்கு அவன் போனது ஏழு வாரம் கழித்து. "மைக்குல சொல்லிட்டேன்ல, இனி எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு?" என்பான்.

ஏ.ஏ.வில் இதற்கு 'ஸ்லிப்' என்று பெயர். சபையில் 'பின்மாற்றம்'. முதல் வார்த்தை கால் வழுக்கியதைச் சொல்கிறது, இரண்டாவது ஆளே திரும்பிவிட்டதாகச் சொல்கிறது. நம் சாட்சிகள் எல்லாம் இறந்தகாலத்தில் இருக்கின்றன, குடித்தேன், விட்டேன், முடிந்தது. குடிநோய்க்கு இறந்தகாலம் கிடையாது.

இன்னொரு வருத்தம் ஜெபக்குறிப்பு. மதினி பெண்கள் ஐக்கிய சங்கத்தில் நெருக்கமான ஒருவரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்குள் மூன்று வீட்டு ஜெபக்கூட்டங்களில் அண்ணன் பெயரைச் சொல்லி உருக்கமாக ஜெபம் நடந்துவிட்டது. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை, ஆனால் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கேள்வி வந்தது. ஏ.ஏ.வில் கேட்டதை அங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டும் என்பது விதி. குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென்று 1951இல் தொடங்கிய அல்-அனானும் அதே விதியில் நடப்பதுதான். மதினி இப்போது மாதம் இருமுறை போனில் அதில் சேர்கிறார். கத்தோலிக்க நண்பர்களுக்கு இந்த இடத்தில் ஒரு வசதி உண்டு, ஒப்புரவு அருட்சாதனத்தில் (பாவசங்கீர்த்தனம்) சொன்னது சாமியாரோடு போய்விடும். ஆனால் தெருவளவில் கூடுகிற அன்பியம் என்ற ஜெபக்குழுவில் எங்கள் கதைதான், பக்கத்து வீட்டுக்காரர்தான் பக்கத்து நாற்காலியிலும். தவக்காலம் நாற்பது நாளும் தொடாமல் இருந்துவிட்டு ஈஸ்டர் அன்று மத்தியானமே ஆரம்பிக்கிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நிறுத்த முடிகிறது, நாற்பத்தோராம் நாளுக்குத்தான் கூட ஆள் இல்லை.

இவ்வளவு குறை சொல்கிறேனே, அப்புறம் ஏன் சபையை விடவில்லை? அந்த ஏழாவது வாரம் எங்கள் ஐயர், அதாவது சபைப் போதகர், வீட்டுக்கு வந்தார். வேதத்தைத் திறக்கப் போகிறார், அறிவுரை வரும் என்று அண்ணன் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தான். அவர் காபியைக் குடித்துவிட்டு, "கோவில் ஆம்ப்ளிஃபயர் ஒரே இரைச்சல் தம்பி, சனிக்கிழமை ஆள் இல்லாத நேரமா வந்து பாக்கியளா?" என்றார். அண்ணன் போனான். எர்த் வயர் விட்டுப்போயிருந்தது. அதைச் சரிசெய்தவன் அன்றைக்கே கம்பத்து ஸ்பீக்கர்களையும் இறக்கித் துடைத்தான். மறுநாள் ஆராதனையில் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில், தூணுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல் உட்கார ஒரு ஸ்டூல் கிடைத்தது. இன்றுவரை அதுதான் அவன் இடம்.

இதை ஏ.ஏ. கொடுக்காது. அங்கே குடிநோயாளி என்பதால் அவனுக்கு இடம். இங்கே அவன் அப்பாவின் மகன், பாடகர் குழுவில் பாடுகிற பிள்ளையின் தகப்பன், மைக் செட்காரன். பிள்ளைக்குத் திடப்படுத்தல் வரும், வீட்டில் சாவு வரும், அதற்கெல்லாம் நாற்காலி தூக்குவது சபைதான். சறுக்கின பிறகு கைவிட்டுப்போன இரண்டு வேலைகளில் ஒன்றைத் திரும்ப வாங்கிக் கொடுத்ததும் ஒரு சபை மூப்பர்தான், அவர் அதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

தோழி சொன்ன கிறிஸ்தவப் படிக் குழுக்களைப் பற்றிச் சுருக்கமாக. இதில் பெயர்பெற்றது 1991இல் கலிஃபோர்னியாவின் சேடில்பேக் சபையில் ஜான் பேக்கர் ஆரம்பித்த செலிபிரேட் ரிகவரி. பன்னிரண்டு படிகளோடு, மலைப்பிரசங்கத்தின் பாக்கியவசனங்களை வைத்து எட்டு கோட்பாடுகள். குடி மட்டுமில்லாமல் கோபம், துக்கம் என்று எதற்கும் வரலாம். ஆண்களும் பெண்களும் தனித்தனியாகப் பகிர்வார்கள். இயேசு பெயரும் இருக்க வேண்டும், விழுந்ததையும் சொல்ல முடிய வேண்டும் என்றால் காகிதத்தில் இதுதான் சரியான பதில். அண்ணன் ஆன்லைன் குழு ஒன்றில் மூன்று வாரம் உட்கார்ந்தான். ஆங்கிலம் பாதி புரியவில்லை. கேமராவை அணைத்துவிட்டால் என்ன செய்கிறான் என்று யாருக்குத் தெரியும்? உங்கள் ஊர்ச் சபையில் தமிழில், நேரில் இப்படி ஒன்று நடந்தால் நான் எழுதியதை ஒதுக்கிவிட்டு அங்கே முதலில் போய்ப் பாருங்கள்.

சின்ன விஷயம் போலத் தோன்றும் ஒன்று பாக்கி. திருவிருந்து ஞாயிறுகளில் மட்டும் அண்ணன் எதையாவது சொல்லி வீட்டில் இருந்துவிடுவான். மூன்று மாதம் கழித்துத்தான் புரிந்தது, திருவிருந்தில் கொடுக்கிற திராட்சரசப் பாத்திரம்தான் காரணம். சில கோவில்களில் புளிக்காத திராட்சைச் சாறு, சில இடங்களில் புளித்த திராட்சரசமே. 1869இல் தாமஸ் வெல்ச் என்ற அமெரிக்க மெதடிஸ்ட் திராட்சைச் சாற்றைப் புளிக்காமல் பதப்படுத்தியதே திருவிருந்துக்காகத்தான், ஆகவே இது ஒன்றும் புதுக் கவலை இல்லை. கத்தோலிக்கக் கோவிலில் அப்பம் மட்டும் வாங்குவதே வழக்கம் என்பதால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் எழாது. ஐயரிடம் கேட்டோம். "அப்பம் வாங்கினா போதும், பாத்திரம் வரும்போது தலை குனிஞ்சுக்கட்டும், நான் தாண்டிப் போயிடுவேன்" என்றார். ஒரு நிமிஷப் பேச்சு. நாங்கள்தான் மூன்று மாதம் கேட்காமல் இருந்தோம்.

ஆக, எங்கள் வீட்டு ஏற்பாடு இது. புதனும் சனியும் ஏ.ஏ., அங்கே பாய்தான் அவனுக்கு ஸ்பான்சர், அதாவது கூடவே இருந்து வழிநடத்துகிற மூத்த ஆள், நடு ராத்திரியில் கூப்பிட்டாலும் எடுப்பார். ஞாயிறு கோவில். செவ்வாய் பாடகர் குழுப் பயிற்சி, அவன் பாடுவதில்லை, பிள்ளையைக் கூட்டிப்போய் உட்கார்ந்திருப்பான். வியாழன் வீட்டு ஜெபக்கூட்டம், எங்கள் வீட்டில் நடந்தால் மட்டும். மாதம் ஒருமுறை டாக்டர், மாத்திரை நிற்கவில்லை. சாட்சி சொல்லக் கூப்பிட்டால், "ரெண்டு வருஷம் போகட்டும் ஐயரே" என்று தள்ளிப்போட்டான். இப்போது இரண்டு வருஷம் ஆகிவிட்டது, இன்னும் தள்ளிப்போடுகிறான். எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியாதவர்கள் போதை மீட்புக்கான அரசின் 14446 எண்ணையோ, மனநல உதவிக்கான 14416 எண்ணையோ கூப்பிடலாம். இரண்டும் இலவசம்.

திங்கட்கிழமை அவனாகவே வேலையை இழுத்து வைத்துக்கொள்கிறான். கவுன்சலர் கொடுத்த தாளில் வெள்ளிக்கிழமைக் கட்டம் மட்டும் இன்னும் காலி. அன்றைக்கு ஆறு மணிக்கு நான் போய்விடுவேன். மதினி சுண்டல் அவித்து வைப்பார். ஒன்பது மணி வரைக்கும் கேரம் ஆடுவோம், பெரும்பாலும் அவன்தான் ஜெயிக்கிறான்.